பச்சைத்தண்ணீர்த் தொட்டி

விழுப்புரத்தைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருஷம் அது. நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். நோட்டில் தென்னாற்காடு மாவட்டம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு விழுப்புரம் என்று எழுதச் சொன்னார்கள் என்று வந்து சொன்னாய். நம் தெருவில் முதன்முதலாக ஒரு வீட்டில் கேபிள் இழுத்ததும் அப்போதுதான். ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. கிளியனூர்ப் பக்கம் ஏரிகளெல்லாம் நிரம்பி, பிடுங்காமல் விட்ட மல்லாட்டைச் செடியில் கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துப் போயிற்று. அந்த மழையில்தான் உன் தாத்தா இறந்தார். எனக்கு வருஷத்தின் நம்பர் தெரியாது. இப்படித்தான் தெரியும்.

உன் புதுவீட்டுப் பத்திரிகை போன வாரம் வந்தது. பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இந்தக் கடிதத்தையும் நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார். என் பேச்சை எழுத்துத் தமிழாக்கி எழுதுகிறார். மற்றவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பத்திரிகையை அவர் முழுக்கப் படித்து முடித்ததும், இன்னொரு தரம் படியுங்கள், முன்பக்கம், உள்பக்கம், பின்பக்கம் மூன்றையும் படியுங்கள் என்றேன். "இன்னா பெரியவரே, எம்மேல நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டார். அவர்மேல் நம்பிக்கை உண்டு. ஒரு தரம் கேட்டதோடு நிறுத்திக்கொள்கிற என் பழைய பழக்கத்தின்மேல்தான் இல்லை. வரவேற்கிறவர்கள் என்று உன் பெரியப்பா பேரை மேலேயும் என் பேரை அதற்கு அடுத்தும் நீ போட்டிருப்பதாக இரண்டு தரமும் படித்தார். நீ என் வாசலுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. பத்திரிகையோடு ஒரு வரி தனியாக எழுதி வைக்கவில்லை, போனும் செய்யவில்லை. ஆனாலும் நீ கேட்பது எனக்குப் புரிகிறது. அந்த ஆளின் பக்கத்தில் நான் வந்து நிற்பேனா என்பதுதானே. பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை என் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. பெரிய தொட்டியில் உப்புத்தண்ணீர் இருக்கும். அதற்குள் வரிசை வரிசையாகத் தகர டின்கள் நிற்கும். டின்னுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர், சுற்றியிருக்கிற குளிரில் உறைந்து, ஆள் உயரத்துக்கு ஐஸ் பார் ஆகிவிடும். இதை மிஷின் செய்துவிடும், ஆள் வேண்டாம். டின்னிலிருந்து ஐஸைக் கழற்றத்தான் ஆள் வேண்டும். சங்கிலியில் டின்னை மேலே தூக்கினால் ஐஸ் டின்னைப் பிடித்துக்கொண்டு வராது. கவிழ்த்தாலும் வராது. பக்கத்திலேயே இன்னொரு தொட்டி இருக்கும், அதில் வெறும் பச்சைத்தண்ணீர். அதில் டின்னை இறக்கிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். ஒரு பீடி பிடிக்கிற நேரம். டின்னோடு ஒட்டிக்கொண்டிருக்கிற நூல் அளவு ஐஸ் மட்டும் இளகும். இளகினதும் உள்ளே ஒரு சத்தம் கேட்கும், யாரோ நாக்கைச் சப்புக் கொட்டின மாதிரி. அப்போது சாய்த்தால் மொத்த பாரும் வழுக்கிக்கொண்டு தானாக வெளியே வந்துவிடும். அதற்கு முன்னால் அவசரப்பட்டு அடித்தால் ஐஸ் உடையும், டின் நசுங்கும். தீபாவளி சமயத்தில் ஒரு தரம், மரக்காணத்து மீன்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டு கத்துகிறார்களே என்று, வெந்நீரை ஊற்றிப் பார்த்தேன். பட்டென்று பார் இரண்டாக வெடித்தது. இருபத்தேழு வருஷம் எனக்கு அந்தத் தொட்டிதான். ஐஸ் எப்போது விடும் என்பதைக் காதாலேயே சொல்லுவேன். வீட்டில் மட்டும் அந்தக் காது எனக்கு இல்லை.

உன் தாத்தா இறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் உன் அத்தைக்குக் கல்யாணம் வைத்தார்கள். நான் அப்போதே ஊரைவிட்டுத் திண்டிவனத்துக்கு வந்து, ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில் குடியிருந்தேன். ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தாத்தாவோடு இருந்தது உன் பெரியப்பா. பத்திரிகை கொடுக்க அவர் கம்பெனிக்கே வந்தார். நான் டின்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், கையை எடுக்க முடியாது. "வேலையப் பாரு, நான் இன்னும் நாலு ஊருக்குப் போவணும்" என்று பத்திரிகையை ஜன்னல்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். தாம்பாளம் இல்லை, வெற்றிலை பாக்கு இல்லை, வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொல்லவும் இல்லை. அதிலேயே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிற்பாடு பத்திரிகையைக் கம்பெனி ரைட்டரிடம் கொடுத்தேன். அவர் லோடு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு, உங்க அப்பா பேரு இருக்கு, உங்க அண்ணன் பேரு இருக்கு என்றார். என் பேர் என்று கேட்டேன். இல்லையே என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.

படிக்கத் தெரியாதவன் எதையும் ஒரு தரம்தான் கேட்பான். இரண்டாவது ஆளிடம் போய் அதையே கேட்டால், முதல் ஆள் சொன்னதும் போச்சு, தன் மானமும் போச்சு என்று நினைப்பான். நான் உன் அம்மாவிடம்கூடப் பத்திரிகையைக் காட்டவில்லை. அவள் ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்திருப்பாள். என் பேரையே போடவில்லை, இந்த வீட்டில் யாரும் போகக்கூடாது என்று மட்டும் சொன்னேன். தங்கச்சி கல்யாணத்துக்கு நான் போகவில்லை. கூடப் பிறந்தவன் வராத கல்யாணத்தில் அவள் அழுதுகொண்டே மணையில் உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அழட்டும் என்று இருந்தேன். ஏன் வரவில்லை என்று உன் பெரியப்பா ஆள் அனுப்பிக் கேட்டார். அவருக்கே தெரியும் என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அன்றோடு அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று விட்டுவிட்டேன்.

இப்போது மாதிரிக் கரண்ட்டில் ஓடுகிற கண்ணாடிப் பெட்டி அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. யாராவது செத்து, தூரத்திலிருந்து பிள்ளை வர வேண்டியிருந்தால் கம்பெனிக்கு வந்து ஐஸ் பார் வாங்கிக்கொண்டு போவார்கள். சில வீட்டுக்கு நானே போய் வைத்துக்கொடுத்துவிட்டு வருவேன். கீழே உமி, உமிமேல் ஐஸ், ஐஸ்மேல் சாக்கு, சாக்குமேல் பலகை. வாசல் காற்று படுகிற பக்கம் சீக்கிரம் கரையும், அந்தப் பக்கம் ஒரு பார் கூட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் சாய்ந்துவிடும்.

தாத்தா விடிகாலையில் இறந்தார். பொழுது ஏறுவதற்குள் ஊரிலிருந்து தெய்வசிகாமணி சைக்கிளில் வந்துவிட்டான். நிலத்தில் வேலை செய்கிறவன், உனக்குக்கூட நாவற்பழம் பறித்துக் கொடுப்பான். என்னிடம் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடமும் சொன்னான். அவள் என்னைக் கேட்கவில்லை. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பெனி வாசலில் வந்து நின்றாள். "நீ வராங்காட்டி இரு. எனக்கு மாமனாரு, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். தெய்வசிகாமணி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நீங்க வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டாரு, அதனால நாலு பார் ஐஸ் வாங்கியாரச் சொன்னாரு என்றான். நாலு பாரைக் கழற்றி, அவன் வாடகை பேசிக் கொண்டுவந்த மாட்டுவண்டியில் ஏற்றிக் கொடுத்தேன். என் அப்பாவுக்கு ஐஸ் கழற்றிக் கொடுத்தவன் நான்தான், கூடப் போகவில்லை.

நாலு பார் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அன்று பொழுது முழுக்க மனசுக்குள் அது கரைந்துகொண்டே இருந்தது. இப்போது ஓரம் மழுங்கியிருக்கும், இப்போது பாதியாகியிருக்கும், இப்போது உமிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று. கை நிற்கவில்லை. டின்னை இறக்கின உடனே சுத்தியலை எடுத்து அடித்தேன். என்னோடு தொட்டியில் வேலை பார்த்த பாஷா பாய், என் வயதுக்காரர், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்ப்பா, ஐஸை ஏன் அடிக்கிற? உங்க அண்ணன்னு நெனச்சிக்கினியா? ஜல்தி போய் அப்பன் மூஞ்சியப் பாத்துட்டு வா. இந்தப் பேஜாரு எல்லாம் அப்பால வெச்சிக்கலாம்" என்றார். அப்போதும் போகவில்லை.

ஊரில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். பையன் எங்க, சிங்கப்பூர்லயா கீறான், திண்டிவனத்துல இருந்து வர ரெண்டு நாளா என்று கேட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை உன் பெரியப்பாவே ஒரு டெம்போவில் வந்தார். இடுப்பில் ஈர வேட்டி, மேலே துண்டு கிடையாது. தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் ஒரு டின்னைப் பச்சைத்தண்ணீரில் இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐஸ் சத்தம் கொடுத்தது, சாய்த்தேன், வந்தது. அப்போதுதான் பேசினார்.

"எங்களுக்கு வெக்கத் தெரியலடா. ஒரு பக்கமா கரைஞ்சி, அப்பா சாஞ்சிக்கினே போறாரு. நீ வந்து சரியா வெச்சிட்டுப் போ."

அவர் வாடா என்று கூப்பிட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். உன்னோடு பேச வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஐஸ் வைக்கக் கூப்பிட்டார். அதற்குப் போகலாம், அது என் வேலை. அந்த மனுஷர் இரண்டு நாளில் எப்படி அதைக் கண்டுபிடித்தாரோ தெரியாது. டெம்போவில் ஐஸோடு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

நீ பார்த்தாய். நான் உள்ளே வந்தபோது நீ உன் அத்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பழைய சாக்கை எடுத்தேன், ஈர உமியை வாரிக் கொட்டினேன், புது உமி பரப்பினேன். நானும் உன் பெரியப்பாவும் தாத்தாவைத் தூக்கினோம். தலைப்பக்கம் அவர், கால்பக்கம் நான். கால் அவ்வளவு சில்லென்று இருந்தது. நாளெல்லாம் ஐஸைத் தொடுகிற கைக்கே சில்லென்றிருந்தது. வாசல் பக்கம் ஒரு பார் கூட வைத்துச் சமனாகப் படுக்க வைத்தேன். எல்லாம் அரை மணி நேரம். பிறகு சாக்கை உதறி மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். "இருடா, எடுத்துட்டுப் போலாம்" என்றார் உன் பெரியப்பா. லோடு இருக்கிறது என்றேன். பத்து நாளாகக் கடலுக்கு ஒரு படகும் போகவில்லை. மழை. லோடு கணக்கில் ஐஸ் வாங்க ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும். சரி என்று தலையை ஆட்டினார். அதே டெம்போவில் நான் திரும்பிவிட்டேன்.

நான் போன பிறகுதான் எடுத்தார்கள். வாய்க்கரிசி போடும்போது உன் பெரியப்பா ஒரு பிடி போட்டுவிட்டு, இன்னொரு பிடி எடுத்து, இது தம்பிக்கு என்று சொல்லிப் போட்டாராம். இதை உன் அம்மா என்னிடம் உடனே சொல்லவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு, போகிற காலத்தில்தான் சொன்னாள். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ அதுக்கும் ஒரு கோவம் வெச்சிருப்ப" என்றாள்.

இப்போது உனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். துக்கம் என்பதால் அந்த வருஷம் நமக்குப் பொங்கல் இல்லை, ஆனாலும் மழையில் ஊறின சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தை மாதத்தில் வீட்டைக் காலி செய்தோம். டிரங்குப் பெட்டியின் அடியில் அந்தப் பத்திரிகை இருந்தது. நீ எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாய். அந்த வயதில் கையில் எது கிடைத்தாலும் படிப்பாய், மளிகை மடித்த பேப்பரைக்கூட. விரித்து உள்பக்கம் கீழே விரலை வைத்து, "அப்பா, உன் பேரு இங்க கீது" என்றாய். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். அதற்கு முன்னும் பின்னும் உன்மேல் நான் கை வைத்ததில்லை. பத்திரிகையைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். நீ எதற்கு அடி வாங்கினாய் என்று உனக்குத் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ படித்தது நிஜம் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நிஜமென்றால், என் தங்கச்சியை அழவைத்தது வீண். என் அப்பனை இரண்டு நாள் ஐஸில் போட்டது வீண். அதைத் தாங்க முடியாமல்தான் எட்டு வயதுப் பிள்ளையை அடித்தேன். ரைட்டர்மேல் தப்பில்லை. வேலை அவசரத்தில் மடிப்பை விரிக்காமல் பார்த்திருக்கிறார். இன்னொரு ஆளிடம் கேட்காதது நான்.

அதற்குப் பிறகாவது போயிருக்கலாம். அண்ணே, பேர் இருந்துச்சு, நான்தான் தப்பா நெனச்சிட்டேன் என்று ஒரு வாக்கியம். முப்பது வருஷமாக அதைச் சொல்லாமல் இருந்தேன். ஆரம்பத்தில் கோபம் இருந்தது. கோபம் போன பிறகு வெட்கம் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் எல்லாரும் எனக்கு இன்னும் கோபம் என்றே நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் அம்மா இறந்தபோது அவர் வந்தார், நினைவிருக்கிறதா? அப்போது கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது. பெட்டிமேல் பூத்திருந்த நீரைத் துண்டால் துடைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, "இப்ப வெக்கறதுக்கு ஆளு தேவைப்படல, இல்ல?" என்றார். குத்திக் காட்டுகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை நாள் கழித்து அதை யோசித்துப் பார்க்கிறேன். குத்திக் காட்டுகிற மனுஷர் இரண்டு பஸ் மாறி வந்து, பெட்டி ஒயர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாரா? என்னிடம் பேச அவருக்கு வேறு பேச்சு கிடைக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கடைசியாக இருந்தது அந்த ஐஸ்தான், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசினார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீ அவர் பேத்தி கல்யாணத்துக்குப் போய் வந்தாய். அங்கே கை நனைத்தவன் என் வீட்டுக்கு வராதே என்றேன். நீ நம் வாசலில், எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "உன் பேரு இருந்துச்சுப்பா. எட்டு வயசுல நான் படிச்சேன். நீ அடிச்ச" என்றாய். நீ சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டாய், நான் வெடித்துவிட்டேன். போ என்றேன், நீ போய்விட்டாய். உன்மேல் குறையாகச் சொல்லவில்லை. அத்தனை வருஷம் நான் அந்தத் தண்ணீரை அடுப்பிலேயே வைத்திருந்தால் அது கொதிக்காமல் என்ன செய்யும்? உனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறான். அவன் உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சரியாகப் படித்துச் சொன்னால், கையை ஓங்குவதற்கு முன்னால் இன்னொரு தரம் படிக்கச் சொல். இது ஒன்றுதான் நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி. மற்றதெல்லாம் என்னைவிட உனக்குத் தெரியும்.

உன் பத்திரிகைக்குப் பதில் சொல்கிறேன். உன் பெரியப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்திருக்கிறார் என்று போன மாதமே கேள்விப்பட்டேன். உன் வீட்டு விசேஷத்தில் நாலு பேர் நடுவில் மாலையோடு நின்று அவரோடு முதல் வார்த்தை பேச எனக்கு விருப்பமில்லை. அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பாண்டி பஸ் பிடித்துக் கிளியனூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஊருக்குப் போகிறேன். அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் போகிறேன். அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. முழு பாரும் கரைய வேண்டாம். ஒட்டிக்கொண்டிருக்கிற ஓரம் மட்டும் விட்டால் போதும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் நியாயம்தான். கேப்பைக் கூழோ பழைய சோறோ, எது கொடுத்தாலும் அங்கே சாப்பிடுவேன். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். பிறகு காத்திருப்பேன். அந்த வேலை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். விசேஷத்துக்குக் கார் அனுப்புவதானால் திண்டிவனத்துக்கு அனுப்பாதே, ஊருக்கு அனுப்பு. அவர் எழுந்து உட்கார முடிந்தால் இரண்டு பேரும் வருகிறோம். முடியாவிட்டால் நான் அவரோடு இருந்துவிடுகிறேன், நீ கோபித்துக்கொள்ளாதே. விசேஷம் முடிந்த பிறகு நீ குடும்பத்தோடு அங்கே வா.

தாத்தாவை வைத்திருந்த அந்த இரண்டு நாள் எனக்காகக் காத்திருந்தவர்களை நேற்று உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன், இந்த வாக்கியத்தை யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று. உன் அம்மா போய்விட்டாள். உன் பெரியம்மா, ‘தானே’ என்று பேர் வைத்த அந்தப் புயல் அடித்த வருஷம் போனாள். உன் அத்தை கொரோனாவில் போனாள், அவளிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தெய்வசிகாமணி போன மழைக்கு இறந்தான். அன்று தாத்தாவுக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருத்தரும் இல்லை. நான் வருகிறேனா என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்தர்தான். அண்ணன் பேரைத் தம்பி சொல்லக்கூடாது என்று எங்களை வளர்த்தார்கள், அதனால் பிறந்ததிலிருந்து நான் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோக்காரன் யார் வீடு என்று கேட்பான், சொல்லித்தான் ஆக வேண்டும். கன்னியப்பன் வீடு.